நடத்திய பாடம்: கடிதம் எழுதுதல்

19 நவம்பர், ஞாயிறு

மதுரைக்கு ஆறு இருபது பேருந்து. ஆசிரியர் கழகக் கருத்தரங்கு பத்தரைக்குத் தொடங்கியது. 'தொலைநிலைக் கல்வி: தேவையா, தீங்கா?' தீங்கு என்ற பக்கத்தில் நான் கடைசிப் பேச்சாளர். தேவை என்று பேசிய தொலைநிலைக் கல்வி முன்னாள் இயக்குநர் என்னைப் பார்த்து, "பகல் பூரா வேலைக்குப் போறவன் பின்னே எங்கதான் சார் படிப்பான்?" என்று கேட்டார். "தபாலில் பஸ் ஓட்டக் கற்றவர் ஓட்டுகிற பஸ்ஸில் நீங்கள் ஏறுவீர்களா?" என்றேன். கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. ஆசிரியர் முகம் பாராமல் வாங்குவது பட்டமல்ல, ரசீது என்று முடித்தேன். நிருபர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சாப்பாடு சுமார். பாயசம் நன்றாக இருந்தது.

கல்லூரியில் இன்று தொலைநிலை மாணவர்களுக்கு என் ஆங்கில வகுப்பு இருந்தது. அறை எண் 14. எப்படியும் வருகிறவர்கள் குறைவு.

20 நவம்பர், திங்கள்

நாளிதழில் ஐந்தாம் பக்கத்தில் என் படம். வெட்டி நேற்றைய பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

படிப்பு மைய எழுத்தர் அய்யனார் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். "நேத்து பதினோரு பேரு கையெழுத்துப் போட்டிருக்காக சார். உங்க கட்டம் மட்டும் காலியாக் கெடக்கு" என்றார். எல்லோரும் செய்வதுதான். கையெழுத்திட்டேன். 'நடத்திய பாடம்' என்ற இடத்தில், அட்டவணையில் இருந்தபடி 'கடிதம் எழுதுதல்' என்று எழுதினேன். அந்த வகுப்பை வேறொரு நாள் எடுத்துவிட வேண்டும்.

24 டிசம்பர், ஞாயிறு

தொலைநிலைத் தேர்வுகள் அடுத்த வாரம். வேறொரு நாள் அமையவில்லை.

12 பிப்ரவரி, திங்கள்

விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று தொடங்கியது. ஆங்கிலத்துக்கு நான் தலைமைத் தேர்வாளர். எனக்குக் கீழே எட்டுப் பேர். மின்விசிறிக்கு அடியில் உள்ள மேசை கிடைத்தது. தாள்களின் தரம் பற்றி எழுத விரும்பவில்லை.

14 பிப்ரவரி, புதன்

மதியத்துக்கு முன்பு, பிரிசில்லா ஒரு தாளோடு வந்தார். எங்கள் துறையில் கௌரவ விரிவுரையாளர், முப்பது வயதிருக்கும். தாள் யாருடையது என்று திருத்துகிறவருக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தான் பதிவு எண்ணைக் கிழித்துவிட்டு வேறு எண் போட்டுக் கொடுக்கிறார்கள். இந்தத் தாளில் கடிதக் கேள்விக்கு எழுதிய விடைக்குக் கீழே சொந்தப் பெயர், சொந்த முகவரி, பதிவு எண், எல்லாம்.

"பாவம் சார், விவரம் தெரியாத ஆளு போல. பேரை அடிச்சிட்டுத் திருத்திடட்டுமா?"

"கொடும்மா, பார்க்கிறேன்" என்று வாங்கி, அந்தக் கடிதத்தைப் படித்தேன். ஒரு பக்கம்தான்.

"அடையாளத்தை வெளிப்படுத்தினால் ஒழுங்கீனம். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே. படிவம் எழுதிக் கொண்டுவா" என்றேன். எழுதி வந்தார். கையெழுத்திட்டேன்.

சாப்பாட்டில் வத்தக்குழம்பு. இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன்.

15 பிப்ரவரி, வியாழன்

வயிறு சரியில்லை. முகாமுக்குப் போகவில்லை.

11 மார்ச், திங்கள்

துறை அறைக்கு ஒரு தலைமைக் காவலர் வந்தார். பெயர் மாரீஸ்வரி. ஒருகணம் பயந்துவிட்டேன். பிறகு முகம் அடையாளம் தெரிந்தது. தொலைநிலை பி.ஏ. மூன்றாம் ஆண்டு. ஞாயிறு வகுப்புகளில் முன் பெஞ்சில், டூட்டி முடிந்த சீருடையோடே உட்காருவார். சார் என்று தொடங்கினாலும் காவல் துறைப் பழக்கத்தில் ஐயா என்று மாறிவிடுகிறார்.

பல்கலைக்கழகத்தின் கடிதத்தை நீட்டினார். தேர்வு முடிவு நிறுத்திவைப்பு. பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும்.

"பிட்டு இல்ல, காப்பி அடிக்கல ஐயா. லெட்டர் எழுதச் சொல்லிக் கேட்டிருந்தாக, எழுதுனேன். கீழ பேரு போட்டேன். அது குத்தமாம்."

"தேர்வில் சொந்தப் பெயர் எழுதக் கூடாது என்று தெரியாதா?"

"பேரு இல்லாம வந்தா மொட்டைப் பெட்டிசன்னு நாங்க தூக்கிப் போட்டுருவோமே ஐயா. இருபத்திரண்டு வருசமா அதைத்தான் பாத்துட்டு இருக்கேன். புத்தகத்துல மாதிரிக் கடிதம் இருக்கு. அதுலயும் பேரு ஊரு எல்லாம் போட்டுத்தான் இருக்கு."

அவர் சொல்வது சரி. பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பெயர் வேண்டிய இடத்தில் எக்ஸ், ஒய், இசட் என்று போட வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் சொல்வதில்லை. வகுப்பில் ஆசிரியர் சொல்வார். கல்லூரி மாணவர்களுக்கு முதல் மாதமே தெரிந்துவிடும்.

அவருக்கு எஸ்.ஐ. தேர்வில் துறை ஒதுக்கீடு உண்டு. பட்டம் வேண்டும். ஜூலை முதல் தேதிக்கு நாற்பத்தேழு வயது முடிந்திருக்கக் கூடாது. அவருக்கு ஜூலை கடைசியில்தான் முடிகிறது. "இந்த ஒரு தடவைதான் ஐயா. ஆங்கிலம் ஒண்ணுதான் பாக்கி, மத்ததெல்லாம் பாஸ்" என்றார்.

விளக்கக் கடிதத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்துவிட்டு, "அன்னைக்குக் கிளாஸ் நடக்கலைன்னு ஒரு வரி போடலாமா ஐயா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எதற்கு? அறியாமல் செய்த பிழை, மன்னிக்கவும் என்றால் போதும். குற்றம் சொன்னால் குழுவுக்குப் பிடிக்காது."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்கய்யா" என்று கடிதத்தை நான்காக மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு போனார்.

உதவி செய்தோம் என்ற நிறைவு இருந்தது.

5 ஏப்ரல், வெள்ளி

விசாரணைக் குழு அந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்டிருக்கிறது. முதல்வர் என்னிடம் அனுப்பினார். 19 நவம்பர்ப் பக்கம். பதினோரு கையெழுத்துகள். ஏழாவது மாரீஸ்வரி, பக்கத்தில் வருகை நேரம் 9.40. கடைசியில் என் கையெழுத்து.

'உண்மை நகல்' என்று முத்திரையிட்டுக் கையொப்பம் வேண்டும். அய்யனார் மை அட்டையைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றார். இட்டேன். நகல் உண்மையானதுதான்.

வெயில் அதிகம். வீட்டுக் கிணற்று மோட்டார் காற்று இழுக்கிறது. ஆள் சொல்ல வேண்டும்.

2 மே, வியாழன்

இரண்டு செய்திகள்.

தொலைநிலைப் பட்டப் படிப்புகளை மூடப் பல்கலைக்கழகம் முடிவு செய்துவிட்டது. புதிய சேர்க்கை இல்லை. பழைய மாணவர்கள் பாக்கித் தாள்களை எழுத இன்னும் இரண்டு தேர்வுகள் மட்டும். தீர்மானத்தின் முகப்பில் என் மதுரைப் பேச்சிலிருந்து ஒரு வரி இருப்பதாகக் கழகச் செயலாளர் தொலைபேசியில் சொல்லி வாழ்த்தினார்.

மற்றது, சாயங்காலம் மாரீஸ்வரி வீட்டுக்குக் கொண்டுவந்த ஆணை. தேர்தல் பந்தோபஸ்து முடிந்து வெயிலில் கறுத்துப்போயிருந்தார். ஆணையில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்: 'கடிதம் எழுதுதல் என்னும் பாடம் நடத்தப்பட்ட வகுப்பில் மாணவி கலந்துகொண்டதற்குப் பதிவேட்டில் சான்று உள்ளது. எனவே அறியாமை என்னும் விளக்கம் ஏற்கத்தக்கதன்று. மேலும், வகுப்பு நடைபெறவில்லை என விடைத்தாளில் உண்மைக்குப் புறம்பான செய்தி எழுதப்பட்டுள்ளது.' தாள் ரத்து. அடுத்த இரண்டு தேர்வுகள் எழுதத் தடை.

இரண்டு தேர்வுகள்தான் மிச்சம். இரண்டுக்கும் தடை. பிறகு தேர்வே இல்லை.

"அப்ப மூணு வருசம் படிச்சது, சார்?" என்று கேட்டார். இந்த முறை ஐயா இல்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்றேன். எஸ்.ஐ. தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் மே 24 என்றார். நாட்காட்டியில் வட்டமிட்டுக்கொண்டேன்.

"நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா ஆகும் சார்."

"பார்ப்போம்மா."

6 மே, திங்கள்

ஓய்வூதியப் படிவங்களுக்காக ஜெயக்கொடியோடு சேர்ந்து படம் எடுக்க ஸ்டுடியோவுக்குப் போனேன். சிரிக்க வேண்டாம் என்றார் படம் எடுப்பவர். ஜெயக்கொடி, "இவுக எப்ப சிரிச்சாக?" என்றாள்.

அலுவலகக் கண்காணிப்பாளர் படிவங்களை வாங்கிக்கொண்டு, "கடைசி மாசம் சார், எதுலயும் மாட்டிக்காதீக. ஒரு சார்ஜ் மெமோ வந்துச்சுன்னா அம்புட்டும் நின்னுபோகும்" என்றார். பொதுவாக எல்லோருக்கும் சொல்வதுதான்.

15 மே, புதன்

மோட்டார் சரியாகிவிட்டது. வாஷர் போயிருந்ததாம்.

நான் கிணற்றடியிலிருந்து வந்ததும் ஜெயக்கொடி சொன்னாள்: "ஏங்க, அந்தப் போலீஸ்காரம்மா இன்னைக்கும் வந்துச்சு. நீங்க சொல்லச் சொன்ன மாதிரி ஊருல இல்லைன்னு சொல்லிட்டேன். உங்க செருப்பு வாசல்லதான் கெடந்துச்சு. பாத்துச்சு. தண்ணி குடுத்தேன், குடிச்சிட்டுப் போயிருச்சு."

செருப்பை உள்ளே வைத்திருக்கலாம்.

20 மே, திங்கள்

பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கினேன். 'பெறுநர்' வரை எழுதினேன். சம்பளச் சான்று வாங்க வரச்சொல்லி ஆள் வந்துவிட்டது.

24 மே, வெள்ளி

ஊறுகாய்க்கு நல்லெண்ணெய் இரண்டு லிட்டர். நாட்காட்டியில் இன்றைய தேதியை ஏன் வட்டமிட்டிருக்கிறேன் என்று ஜெயக்கொடி கேட்டாள். மறந்துவிட்டது என்றேன்.

31 மே, வெள்ளி

பணி ஓய்வு. முப்பத்து மூன்று ஆண்டுகள். பாராட்டு விழாவில் ஆறு பேர் பேசினார்கள். ஒரு நாள்கூட வகுப்பைத் தவறவிடாதவர் என்று முதல்வர் சொன்னார். பிரிசில்லா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொன்னாடைகள் பதினேழு.

மாலையும் கழுத்துமாகக் காரில் வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். பேருந்து நிலைய முக்கில் மாரீஸ்வரி போக்குவரத்துப் பணியில் நின்றார். எங்கள் கார் போவதற்காகக் கோவில்பட்டி பேருந்தை நிறுத்தினார். காரைப் பார்த்துக் கையை நெற்றிக்கு உயர்த்தினார். வெயிலுக்கு மறைத்ததாகவும் இருக்கலாம்.

3 ஜூன், திங்கள்

காலை ஆறு மணிக்கு உட்கார்ந்து எழுதி முடித்துவிட்டேன். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு: நவம்பர் 19 அன்று வகுப்பு நடைபெறவில்லை. அன்று நான் மதுரையில் இருந்தேன். பதிவேட்டில் மறுநாள் இட்ட என் கையெழுத்து பொய். ஆதாரமாக, இந்த நாட்குறிப்பில் ஒட்டியிருந்த செய்தித்தாள் துண்டை நீராவியில் காட்டி உரித்து இணைத்தேன். படத்தில் என் பின்னால் தேதியோடு பதாகை தெரிகிறது. பதிவுத் தபாலில் அனுப்பினேன். வேலை நெருக்கடியால்தான் இவ்வளவு நாள் ஆனது.

இல்லை. அனுப்பிய பிறகாவது இங்கே ஒழுங்காக எழுத வேண்டும்.

பிப்ரவரி 14 அன்று நான் படித்த அந்தக் கடிதம் இது. கேள்வி: 'உங்கள் படிப்பு மையத்தில் நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலை விளக்கி, ஒருங்கிணைப்பாளருக்குக் கடிதம் எழுதுக.' ஆங்கிலத்தில் நான்கு பிழைகளோடு அவர் எழுதியிருந்ததன் சாரம்: 'ஐயா, நவம்பர் 19 ஞாயிறு ஆங்கில வகுப்புக்குப் பதினோரு பேர் வந்தோம். நான் டூட்டி முடித்து நேரே வந்தேன். ஒருவர் எட்டயபுரத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்திருந்தார். ஆசிரியர் வரவில்லை. ஒரு மணி வரை காத்திருந்தோம். அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருக்கலாம். தயவுசெய்து அந்த வகுப்பை வேறொரு நாள் நடத்த வேண்டுகிறேன்.' கீழே, பெ. மாரீஸ்வரி.

அது யார் என்று எனக்கு அப்போதே தெரியும். பிரிசில்லா பெயரை அடித்துவிடட்டுமா என்று கேட்டபோதும் தெரியும்.

9 ஜூலை, செவ்வாய்

விசாரணைக் குழு அழைத்திருந்தது. மூன்று பேராசிரியர்கள். இருவர் எனக்குத் தெரிந்தவர்கள். காபி வந்தது.

"என்ன சார் இது, ரிட்டயர் ஆகி நிம்மதியா இருக்க வேண்டிய நேரத்துல?" என்றார் தலைவர்.

நடந்ததைச் சொன்னேன். குறிப்பெடுக்க யாரும் பேனாவைத் திறக்கவில்லை.

"உங்க லெட்டரை ஃபைல்ல போட்டா, எல்லா மையத்துப் பதிவேட்டையும் திறக்கச் சொல்லுவாங்க. யாரு தப்புவா? மாணவியின் வயது, பணிச்சூழல் கருதித் தண்டனை ரத்துன்னு எழுதிக்கிறோம். அந்தம்மாவுக்கு ரிசல்ட் வந்துடும். உங்களுக்கும் நல்லது."

என் கடிதத்தையும் செய்தித்தாள் துண்டையும் உறையிலிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன்.

25 ஆகஸ்ட், ஞாயிறு

மாரீஸ்வரி வந்தார். சேலையில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கையில் மதிப்பெண் பட்டியலும் கால் கிலோ சேவும்.

"பாஸ் சார். அறுபத்தொண்ணு."

ஜெயக்கொடி பட்டியலைச் சுவாமி படத்தடியில் வைத்து எடுத்துக் கொடுத்தாள். எஸ்.ஐ. தேர்வு பற்றி நான் கேட்கவில்லை. அவளே கேட்டுவிட்டாள்.

"வயசு முடிஞ்சிருச்சு அக்கா, போன மாசத்தோட. எங்க இன்ஸ்பெக்டரு, எஸ்.ஐ. மேடம் எஸ்.ஐ. மேடம்னு கேலி பேசிட்டுத் திரிஞ்சாரு. இப்ப அவருக்கும் பேச விசயம் இல்ல." சிரித்தார். ஜெயக்கொடி காபி போட உள்ளே போனாள்.

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். படிவத்தில் கையெழுத்திட்டதும் நான்தான் என்பது உட்பட. அவர் ஆச்சரியப்படவில்லை.

"பேப்பர்ல உங்க போட்டோ வந்துச்சே சார், மறுநா. ஸ்டேசன்ல நான்தான் வரிவிடாம பேப்பர் படிக்கிற ஆளு. ஃபாரத்துல யாரு கையெழுத்துன்னுதான் தெரியாது."

"அதைக் குழுவிடம் காட்டியிருக்கலாமே?"

"ரிஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கையில வாய்ப்பேச்சு நிக்குமா? எத்தனை பேரை நானே ஸ்டேசன்ல அப்படித் திருப்பி அனுப்பியிருக்கேன். பேப்பர் போட்டோவைக் காட்டிருக்கலாம். ஆனா வாத்தியாரை மாட்டிவிட்டு வாங்குன பாஸ்னு இருக்க வேண்டாம்னு நெனைச்சேன். நீங்களே சொல்லிருவீகன்னும் நெனைச்சேன். அதான் வந்து வந்து நின்னேன்."

வெளியே யாரோ பழைய இரும்பு கேட்டுக் கூவிக்கொண்டு போனார்கள்.

"அன்னைக்கு நாங்க சும்மா இருக்கல சார். ஆளுக்கு ஒரு பத்தியா சத்தமா வாசிச்சோம். எட்டயபுரத்துப் பொண்ணு நல்லா வாசிக்கும். மாதிரிக் கடிதத்தை அத்தனை பேரும் நோட்டுல எழுதுனோம்." பிறகு கேட்டார்: "ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கு நீங்க வந்திருந்தா என்ன சொல்லிக் குடுத்திருப்பீக?"

"பெயர் வருகிற இடத்தில் உங்கள் பெயரைப் போடாதீர்கள், எக்ஸ், ஒய், இசட் என்று போடுங்கள் என்று சொல்லியிருப்பேன்."

"அவ்வளவுதானா சார்?"

"அவ்வளவுதான்."

காபி வந்தது. குடித்துவிட்டு, மூன்று மணிக்கு டூட்டி என்று எழுந்தார். சேவில் பாதியை ஜெயக்கொடி பொட்டலம் கட்டித் திருப்பிக் கொடுத்தாள்.

17 நவம்பர், ஞாயிறு

படிப்பு மையத்தின் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்கள். சுவரில் நான்கு ஆணித் துளைகள். அறை எண் 14 பூட்டியிருந்தது. வாசற்படியில் உட்கார்ந்தேன். காவலாளி வந்து, "யாரைப் பாக்கணும் சார்? இன்னைக்கு ஒருத்தரும் வர மாட்டாகளே" என்றார்.

வந்தது 9.40. ஒரு மணி வரை இருந்தேன்.